200 தோட்டா போதுமா?

போன மாதம் சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் நின்ற தம்பி ஒருவன், புதிதாக வாங்கிய 9 மி.மீ. பிஸ்டலைக் காட்டிக் கேட்டான்: "200 தோட்டா போட்டாச்சு அக்கா. ஒரு ஜாம்கூட இல்ல. இனி இதை நம்பலாம்தானே?"

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் "நம்பலாம்" என்று சொல்லத்தான் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. அன்றைக்குப் பாதியில் விட்ட பேச்சை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். 12 வருடமாகப் போட்டிகளில் சுடுகிறேன். அதில் 8 வருடமாக எங்கள் சுடுதளத்தின் பொதுத் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் வேலையும் என்னிடம்தான். சொந்த பிஸ்டலின் கணக்கை முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நோட்டு கற்றுக்கொடுத்தது.

முதலில் அந்த 200-ஐப் பார்ப்போம். சராசரியாக 100 தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கும் ஒரு பிஸ்டல் இருக்கிறது என்று வையுங்கள். அதை யாரும் நல்ல பிஸ்டல் என்று சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டதுகூட 200 தோட்டாவை ஒரு தடங்கலும் இல்லாமல் கடந்துவிட சுமார் 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 200-க்கு ஒருமுறை சிக்கும் பிஸ்டல் என்றால் அந்த வாய்ப்பு 37 சதவீதம், அதாவது மூன்றில் ஒன்றுக்கும் மேல். ஆக, அந்தத் தம்பி கையில் இருப்பது அருமையான பிஸ்டலாகவும் இருக்கலாம், சுமாரானதாகவும் இருக்கலாம். 200 தோட்டா அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

புள்ளியியலில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு தடங்கலும் இல்லாமல் எத்தனை தோட்டா சுட்டீர்களோ, அந்த எண்ணால் 3-ஐ வகுத்துக்கொள்ளுங்கள். "தடங்கல் விகிதம் இதைவிட மோசமாக இருக்காது" என்று 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய எல்லை அதுதான். 200 தோட்டா சுத்தமாக ஓடினால் 67-க்கு ஒன்று. 500 ஓடினால் 167-க்கு ஒன்று. 1,000 ஓடினால் 333-க்கு ஒன்று. 2,000 ஓடினால்தான் 667-க்கு ஒன்று என்று சொல்ல முடியும். இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. அதுவரை 500 தோட்டா ஓடிவிட்டால் எதையும் நம்பிக்கொண்டிருந்தேன்.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையைத் துப்பாக்கிக்காரர்கள் இன்றும் பேசுவது இதனால்தான். ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் ஒன்றில் 6,000 தோட்டா சுட்டார்கள். ஒரு தடங்கல்கூட இல்லை. போட்டிக்கு நின்ற சாவேஜ் பிஸ்டலுக்கு 37 தடங்கல். அந்த மாதக் கடைசியிலேயே கோல்ட் தேர்வாகிவிட்டது. நாம் போட்ட கணக்கில் பார்த்தால் 6,000 என்பது 2,000-க்கு ஒன்று என்ற எல்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அதை எப்படிச் சுட்டார்கள் என்பது. 100 தோட்டா சுடுவார்கள், பிறகு 5 நிமிடம் ஆற விடுவார்கள். ஒவ்வொரு 1,000 தோட்டாவுக்கும் சுத்தம் செய்து எண்ணெய் போடுவார்கள். பராமரிப்பையும் சேர்த்துத்தான் அந்தச் சோதனை. "சுத்தமே பண்ணாமல் 3,000 ஓடியது" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அது வேறு கேள்விக்கான பதில்.

ஆஸ்திரிய ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் புது பிஸ்டல் தேடியபோது வேறு மாதிரி கேட்டது: முதல் 10,000 தோட்டாவில் 20 தடங்கலுக்கு மேல் கூடாது. கணக்குப்படி 500-க்கு ஒன்று. அந்தத் தேர்வில் ஜெயித்ததுதான் க்ளாக் 17. ஒரு ராணுவமே 20 தடங்கல் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறது என்றால், முதல் ஜாம் வந்த அன்றே பிஸ்டலை விற்கக் கிளம்புவது அவசரம்தான். எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தடங்கல் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நோட்டு வருகிறது. என்னுடையதில் ஆறே கட்டங்கள்: தேதி, அன்று சுட்ட தோட்டா, மொத்தம், தோட்டாவின் வகை, மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) எண், நடந்தது என்ன. எல்லா மேகசினின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் எண் எழுதியிருக்கிறேன். "ஜாம்" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமே இல்லை. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வராமல் சேம்பரிலேயே (தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொண்டதா, வெளியே வரும் வழியில் ஸ்லைடுக்கும் (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பேரலுக்கும் (குழல்) நடுவில் மாட்டியதா, புதுத் தோட்டா மூக்கு குத்திக்கொண்டு நின்றதா, ஸ்லைடு முழுதாக மூடாமல் ஒரு நூல் பின்னால் நின்றதா, டிரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லையா? ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் கை காட்டும்.

ஒரு பிஸ்டல் சுடும்போது நடப்பதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் ஸ்லைடு பின்னால் பாய்கிறது, எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி காலிக் கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கிறது, கூடு எஜெக்டரில் மோதித் தெறிக்கிறது, ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளுகிறது, அதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே கொண்டுவந்து தயாராக வைத்திருக்க வேண்டும். இதில் எந்தப் பாகம் சோர்ந்தாலும் தாளம் தப்பும். ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் வேகமாகப் போய் ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்) பலமாக இடிக்கும், திரும்பி வரும்போது வலு இருக்காது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா மேலே வருவதற்குள் ஸ்லைடு அதைத் தாண்டிவிடும். இரும்பும் பாலிமரும் அப்படியே இருக்க, இந்தச் சின்ன ஸ்பிரிங்குகள்தான் முதலில் வயதாகின்றன. வருடக்கணக்கில் ஒரு பிஸ்டலை நம்ப முடியுமா என்ற கேள்விக்கு நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

என் பிஸ்டல் 4,300 வரை கிட்டத்தட்ட ஒழுங்காகவே ஓடியது. இரண்டே தடங்கல், இரண்டும் மறுபடி நிரப்பிய தோட்டாவில் பிரைமர் (தோட்டாவின் அடியில் குத்து வாங்கித் தீப்பற்றும் மூடி) சரியாக உட்காராததால் வந்தவை. அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை, 150 தோட்டாவுக்குள் மூன்று முறை காலிக் கூடு, கூடு வெளியேறும் ஸ்லைடு ஜன்னலில் நட்டுவைத்த குச்சி மாதிரி நின்றது. முதலில் தோட்டாவைச் சந்தேகப்பட்டு வேறு பெட்டியைத் திறந்தேன். மறுபடியும் வந்தது. நோட்டைப் பார்த்தால் மேகசின் 1, 4, 1, 5. ஒரே மேகசினாக இருந்திருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பேன். அப்படி இல்லை. ஆக, கோளாறு பிஸ்டலில்தான்.

அன்றைக்குச் செய்த சோதனை எளிமையானது. சேம்பரில் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டு மேகசினைக் கழற்றிவிட்டுச் சுட வேண்டும். சில பிஸ்டல்கள் மேகசின் இல்லாமல் சுடாது, அவற்றுக்கு இது பொருந்தாது. மேகசின் உள்ளே இருக்கும்போது கூட்டுக்குக் கீழிருந்து ஒரு தாங்கல் கிடைக்கும். அது இல்லாதபோது எக்ஸ்ட்ராக்டர் மட்டுமே கூட்டைப் பிடித்துக்கொண்டு எஜெக்டர் வரை போக வேண்டும். நல்ல எக்ஸ்ட்ராக்டர் இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். என்னுடையது பத்தில் நான்கு முறை கூட்டைக் கைநழுவ விட்டது. கூடு மேகசின் குழி வழியாகக் கீழே, என் காலடியில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்லைடைக் கழற்றி, நகைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். கொக்கியின் கீழ் மூலையில் ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தது. அரிசி நொய்யில் பாதி அளவுகூட இருக்காது. பெயர்ந்த இடம் மற்ற பகுதி மாதிரி கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று மின்னியது. கொக்கிக்கு அடியில் கரியும் பித்தளைப் பொடியும் சேர்ந்து கல் மாதிரி இறுகிக் கிடந்தன. ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்தேன், பிரஷ் போட்டேன், ஆனாலும் அந்த இடுக்குக்குள் எதுவும் போகவில்லை. மரப் பல்குச்சியைச் சீவி அதைக் குடைந்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. எக்ஸ்ட்ராக்டரையும் அதன் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு 500 தோட்டாவுக்கும் அந்த இடுக்கை லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, தடங்கல் இல்லாத எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். பலர் இதைச் செய்வதில்லை. எக்ஸ்ட்ராக்டரை மாற்றியதும் அது வேறு பிஸ்டல் ஆகிவிடுகிறது. பழைய 4,300 பேரலைப் பற்றியும் ஃபிரேமைப் பற்றியும் நிறையச் சொல்லும், புதுக் கொக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஃபீட் ராம்ப்பை (தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவு) பாலிஷ் போடுவது, கடினமான ஸ்பிரிங் மாட்டுவது, லேசான டிரிகர் மாட்டுவது எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நன்றாக ஓடுகிற பிஸ்டலில் கை வைக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. வைத்தால், சேர்த்துவைத்த நம்பிக்கையை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

மேகசின்களைப் பற்றிச் சுருக்கமாக. சுடுதளத்தில் என்னிடம் "துப்பாக்கி ரிப்பேர்" என்று வருவதில் பாதிக்கு மேல் மேகசின் ரிப்பேர்தான். என் மேகசின் 3, ஏழாயிரத்தை நெருங்கும்போது தோட்டாவை மூக்கு குத்தவைக்க ஆரம்பித்தது. கடைசித் தோட்டா முடிந்தும் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை. காலிப்பரால் அளந்தால், வாயில் தோட்டாவைப் பிடித்துவைக்கும் உதடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மற்ற மேகசின்களைவிட அரை மில்லிமீட்டர் அதிகம். எப்போதோ கான்கிரீட்டில் விழுந்திருக்க வேண்டும். அதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளவில்லை. மேகசினை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று பயப்படுபவர்கள் நிறைய. நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் பெரிதாகக் கெடுவதில்லை, அமுங்கி விரியும் சுற்றுகளால்தான் தேய்கிறது.

ரீகாயில் ஸ்பிரிங்கை எப்போது மாற்றுவது? 5 அங்குலப் பேரல் உள்ள .45 (அங்குலக் கணக்கில் குழலின் அளவு) பிஸ்டல்களில் 3,000 முதல் 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது நீண்ட நாள் வழக்கம். கையடக்கமான சின்ன பிஸ்டல்களில் ஸ்பிரிங் குறைந்த இடத்துக்குள் அதிக வேலை செய்வதால் அதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணைப் பின்பற்றினால் போதும். ஸ்ட்ரைக்கர் வகை (சுத்தியல் இல்லாத) பிஸ்டல்களில் நான் இடையில் செய்யும் ஒரு பரிசோதனை உண்டு. பிஸ்டல் காலி என்பதை இருமுறை பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகு, குழலைப் பாதுகாப்பான திசையில் மேல்நோக்கிச் சாய்த்து, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து, மெல்ல முன்னால் விட வேண்டும். தானாக முழுதாக மூடினால் சரி. ஒரு நூல் மிச்சம் வைத்து நின்றால் ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுக்கும் நேரம்.

இதுவரை சொன்னது சிக்காமல் ஓடுவதைப் பற்றி. உடையாமல் உழைப்பது தனிக் கதை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான முடிவுக்கு வருவோம். 1985-இல் அமெரிக்கப் படைகள் எடுத்துக்கொண்ட பெரெட்டா பிஸ்டல் தடங்கல் விஷயத்தில் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் 1987, 88-இல் சிலவற்றின் ஸ்லைடு சுடும்போதே உடைந்து, பின்பாதி தெறித்துச் சுட்டவர்களின் முகத்தில் அடித்தது. அதன் பிறகு, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி சுத்தியலின் பின்னைப் பெரிதாக்கினார்கள். ஒரு தடங்கலும் காட்டாத பிஸ்டல்கூட உள்ளே விரிசலை வளர்த்துக்கொண்டிருக்கலாம். நோட்டில் "தடங்கல் இல்லை" என்ற வரிகளைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால்தான் தேட வேண்டும்.

9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்டது. .45 பிஸ்டல்களில் போடும் .45 ஏசிபி தோட்டாவுக்கு 21,000தான். அந்த அடியை ஆயிரம் ஆயிரம் முறை வாங்குகிற இடங்களைத் தேடிப் பாருங்கள்: ஜன்னலின் கீழ் மூலைகளில் ஸ்லைடு, பேரலின் பூட்டுப் பற்கள், லாக்கிங் பிளாக் (பேரலை ஸ்லைடோடு பூட்டும் தனித் துண்டு) இருந்தால் அதன் இரண்டு காதுகள், ஃபிரேமின் தண்டவாளங்கள். எனக்குப் பிடித்தது ஒரு பழைய பட்டறை முறை. பாகத்தைக் கரைப்பானில் நன்றாகக் கழுவிக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் பூசி, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் உள்ளே போன எண்ணெய் மெல்லிய முடி மாதிரி கோடாக வெளியே கசிந்திருக்கும். சுடுதளத்தின் பழைய பிஸ்டல் ஒன்றில் லாக்கிங் பிளாக்கின் இடது காதில் அந்த முடியைப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள்கூட அது 100 தோட்டா தடங்கலே இல்லாமல் சுட்டிருந்தது. அன்றே கழற்றி மாற்றினேன். யாரும் அடிபடவில்லை என்பதை நினைத்து அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

தடங்கலை யார் கணக்கில் எழுதுவது என்பதில் நேர்மை வேண்டும். வெடிக்காத தோட்டா ஒன்று கிடைத்தால், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து, வெளியே எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். குழி ஆழமாக, நடுவில் இருந்தால் தோட்டாவின் கணக்கு. லேசான பொட்டு மாதிரி இருந்தால் பிஸ்டலின் கணக்கு. ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) ஓடும் குழாயில் எண்ணெய் விட்டதால் அழுக்கு கட்டி, பின் வேகம் இழந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய் உலர்ந்தே இருக்க வேண்டும். அதே மாதிரி, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு நிற்கவில்லை என்று புகார் சொல்பவரின் கட்டைவிரல் பெரும்பாலும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்புகோலின் மேல்தான் இருக்கும். லேசான ஃபிரேம் உள்ள பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தாலும் கூடு மாட்டும். அதனால் சந்தேகம் வந்தால் வேறு ஒருவரைச் சுடச் சொல்லிப் பார்ப்பேன்.

பழைய பிஸ்டல் வாங்குபவர்களுக்கு ஒன்று. முந்தையவர் சொல்லும் "500-தான் போட்டிருக்கேன்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பொய் சொல்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, எழுதி வைக்காதவருக்கு உண்மையிலேயே தெரியாது. எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள், விரிசல் பாருங்கள், பூஜ்யம் என்று நோட்டில் முதல் வரி எழுதுங்கள்.

என் பிஸ்டல் இப்போது 11,840-இல் நிற்கிறது. கோடு போட்டதற்குப் பிறகு மொத்தம் மூன்று தடங்கல். ஒன்று மேகசின் 3, இரண்டு தோட்டாவின் கணக்கு. அடுத்த ரீகாயில் ஸ்பிரிங் 12,000-க்கு, வாங்கி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அந்தத் தம்பி அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிட்டான். நேற்று காட்டினான், 1,140 தோட்டா ஆகியிருக்கிறது. 612-க்கு எதிரே பென்சிலால் எழுதியிருந்தான்: "மேகசின் 2. மூக்கு குத்தி நின்றது." கொஞ்சம் வருத்தமாகத்தான் காட்டினான். அந்த ஒரு மேகசினை மட்டும் வைத்து அடுத்த வாரம் இரண்டு பேரும் 100 தோட்டா சுட்டுப் பார்க்கப்போகிறோம்.